டிரவுட்டுக்கு வண்டு ஃப்ளை: எந்த வகை, எந்த எண் முள்?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

செப்டம்பர் கடைசி வாரம் இமாசலத்தில் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் (குளிர்ந்த மலையாற்று மீன்) பிடிக்கப் போகிறோம். பிரவுன், ரெயின்போ இரண்டும் உள்ள ஆறு. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து வடியும் சமயம். கரைப் புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் வண்டு விழும் என்பதால் ஃப்ளை (பூச்சி மாதிரி முள்ளில் கட்டும் போலி இரை) பெட்டியில் ஒரு பக்கத்தை வண்டுக்கே ஒதுக்கப் பார்க்கிறேன். ராடு 4 வெயிட் (மெல்லிய லைனுக்கானது), லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) ஒன்பதடி.

தேடினால் வகை வகையாக வருகிறது: ஃபோம் வண்டு, மான்முடி வண்டு, மயிலிறகு வண்டு, மினுக்கு முதுகு வைத்தது, இரண்டடுக்கு ஃபோம். எல்லாவற்றையும் கட்ட முடியாது. எந்த இரண்டு மூன்று போதும்? முள் எந்த எண் (எண் கூடினால் முள் சிறிது)? கருப்பா, பழுப்பா?

கட்டுவதிலும் ஒரு சிக்கல். ஃபோம் முதுகு முள்ளைச் சுற்றித் திரும்பிக்கொள்கிறது. நாலு வீச்சு வீசினால் வண்டு ஒருக்களித்து மிதக்கிறது. நூலை இறுக்கினால் ஃபோம் அறுந்து போகிறது. ஸ்டேஷனரி கடையில் வாங்கிய 2 மி.மீ. ஃபோம் ஷீட், சாதாரண பாலியஸ்டர் தையல் நூல், 12-ஆம் எண் முள். எங்கே கோளாறு?

வெண்ணாறு (நீடாமங்கலம்):

தம்பி, வகைப் பெயரை விடுங்கள். ஃப்ளை தண்ணீரில் எவ்வளவு ஆழம் உட்காருகிறது என்று பாருங்கள். தேர்வு முழுக்க அதில்தான் இருக்கிறது.

வண்டு தண்ணீரில் விழுந்தால் ஈசல் மாதிரி மேலே நிற்காது. ஓடும் கனம், உடம்பும் கனம். வயிறு தண்ணீருக்குள், முதுகு மட்டும் வெளியே. காலை உதைத்தபடி மிதந்து போகும், அலை அடித்தால் அமிழும். டிரவுட் கீழிருந்து பார்ப்பது அந்த வயிற்றைத்தான்.

மீன் மேலே பார்க்கும்போது அதன் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் வெளியுலகம் தெரியும். 60 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் ஏறத்தாழ 135 செ.மீ. அகலம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் ஆற்றின் தரையைத்தான் பிரதிபலிக்கும். அந்தப் பரப்பைத் துளைத்து உள்ளே இறங்கிய பாகம் மட்டும் மீனுக்கு முன்கூட்டியே கண்ணில் படும். உயரமாக மிதக்கும் ஃப்ளை வட்டத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும். வயிறு அமிழ்ந்த வண்டு தூரத்திலேயே தெரியும், மீனுக்குப் புறப்பட்டு வர நேரம் இருக்கும். மினுக்கு முதுகு, புள்ளி வைத்த முதுகு எல்லாம் வாங்குகிறவர் கண்ணுக்கு. மீன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

ஆகவே மூன்று ஆழத்துக்கு மூன்று கட்டு போதும்.

முதலாவது ஃபோம் முதுகு, மயிலிறகு வயிறு. 12, 14 எண் முள். கலங்கும் ஓட்டத்திலும் மூழ்காது, உங்கள் கண்ணுக்கும் தெரியும். நாள் முழுக்க ஓடப்போவது இதுதான், பெட்டியில் பாதி இதுவே இருக்கட்டும்.

இரண்டாவது வேல்ஸ் நாட்டின் பழைய கட்டு, காக்-அ-பண்டி. அங்கே கோடையில் பறக்கும் தோட்டத்து வண்டுக்காக உண்டானது. மயிலிறகு இழையில் தடித்த உடம்பு, வால்முனையில் பொன் சரிகை இரண்டு சுற்று, கழுத்தில் நடுவே கருத்து ஓரம் சிவந்த சேவல் இறகு. நாட்டுக்கோழிச் சேவல் கழுத்தில் இந்த நிறம் தாராளமாகக் கிடைக்கும். இறகிழையின் நீளம் முள் வாயின் (தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. சுற்றி முடித்ததும் அடிப்பக்க இழைகளைத் தட்டையாகக் கத்தரித்துவிடுங்கள், அப்போதுதான் தாழ்ந்து உட்காரும். 14, 16 எண். தெளிந்து மெதுவாக நகரும் மடுவில், ஃபோமைப் பார்த்துத் திரும்பிப் போகும் மீனுக்கு இது.

மூன்றாவது அமிழும் வண்டு. ஃபோமே கிடையாது. 14-ஆம் எண் முள், அடியில் செம்புக் கம்பி எட்டுப் பத்துச் சுற்று, மேலே மயிலிறகு, அதன்மேல் அதே கம்பியை எதிர்த்திசையில் அகலமாகச் சுற்றுங்கள். டிரவுட்டின் பல் மயிலிறகு இழையைச் சீக்கிரம் அறுத்துவிடும், எதிர்ச்சுற்று அதைக் காப்பாற்றும். கம்பிக்கு அலைய வேண்டாம். ஃபேன் வைண்டிங் கடையில் 36 கேஜ் மிச்சக் கம்பி கேளுங்கள், 0.19 மி.மீ. இருக்கும். 38 கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது.

மான்முடி வண்டை விடுங்கள். அழகாக மிதக்கும். ஆனால் சில மீன் கடித்ததும் முதுகு முடி ஒவ்வொன்றாக அறுந்து நூல் மட்டும் மிஞ்சும்.

நிறத்துக்கு வருவோம். இமாசலத்தில் ஆப்பிள் தோட்டத்திலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் வேர்ப்புழுவாக இருக்கும் பழுப்பு வண்டு, முதல் மழையை ஒட்டி மாலையில் கூட்டமாகக் கிளம்பும். நம் பக்கம் கோடை மழைக்குப் பிறகு வேப்பமரத்தில் மொய்க்குமே, அந்த வகையறா. அந்த மே, ஜூன், ஜூலை பருவம் நீங்கள் போகும்போது முடிந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் விழுவது பெரும்பாலும் சின்னதும் கருத்ததுமான பல வகை. கருப்பு மூன்றில் இரண்டு பங்கு, பழுப்பு ஒரு பங்கு.

மயிலிறகு உதிர்ந்ததாக மட்டும் இருக்கட்டும். பழைய ஆங்கிலக் கட்டுகள் பலவற்றில் கேட்கும் காட்டுக்கோழிக் கழுத்து இறகை எங்கே கண்டாலும் வாங்காதீர்கள். அது நம் தென்னிந்தியக் காட்டுக்கோழியின் இறகு. 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது.

மாயவரம் தூண்டில்:

வெண்ணாறு அண்ணன் சொன்ன முதல் கட்டுக்கு மட்டும் நான் வருகிறேன், உங்கள் ஃபோம் சிக்கல் அங்கேதான்.

திரும்புவதற்குக் காரணம் அடித்தளம் இல்லாதது. மொட்டை முள்மேல் நேரே ஃபோமை வைத்துக் கட்டினால், நூல் எவ்வளவு இறுகினாலும் வழுக்கும். அறுபடுவதற்குக் காரணம் நூல். தையல் நூல் முறுக்கேறியது, உருண்டையாக நின்று கம்பி மாதிரி ஃபோமுக்குள் இறங்கிவிடும். ஃப்ளை கட்டும் 140 டெனியர் நூல் முறுக்கில்லாமல் தட்டையாகப் பரவும், அதை வாங்கிவிடுங்கள். அது வரும்வரை, நூல் சுருளைத் தொங்கவிட்டு முறுக்குக்கு எதிர்ப்பக்கம் சுழற்றிப் பிரித்துப் பிரித்துச் சுற்றலாம்.

12-ஆம் எண்ணுக்கு ஃபோம் பட்டை 5 மி.மீ. அகலம், 14-க்கு 4, 16-க்கு 3. நீளம் 3 செ.மீ. இருந்தால் பிடிக்க வசதி. ஒரு முனையைக் கூராகச் சீவுங்கள். ஸ்கேல் வைத்துப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டணும். கத்தரிக்கோல் போட்டால் ஓரம் கோணி, வண்டு ஒரு பக்கம் சாயும்.

முள்ளின் காதுக்கு (லீடர் கோக்கும் துளை) 3 மி.மீ. பின்னால் நூலைத் தொடங்கி, முள்முனைக்கு நேர் மேலே வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். அந்த நூல் படுக்கைமேல் ஃபெவிக்விக் ஒரு பொட்டு, ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதிகம் விட்டால் ஆவி படிந்து கருப்பு ஃபோம் வெளுக்கும். சீவிய முனையைப் படுக்கைமேல் வைத்து, நீளப் பட்டை பின்பக்கம் தொங்கும்படி பிடியுங்கள். முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவது கொஞ்சம் இறுக்கி, நான்காவது முழு இறுக்கம். முதல் சுற்றையே இறுக்குவதால்தான் அறுகிறது. முனை தட்டையாகும்வரை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றிவிட்டு நூலை வளைவுப் பக்கம் கொண்டுபோங்கள்.

மயிலிறகு 12-க்கு மூன்று இழை, 14-க்கு இரண்டு. தோகையின் கண்ணுக்குக் கீழே தண்டில் அடர்த்தியாக இருக்கும் இழைகள். நுனி ஒடியும், 2 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு வெட்டிய முனையைக் கட்டுங்கள். இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கி, கயிறாக்கிச் சுற்றினால் ஒன்று அறுந்தாலும் மற்றது அவிழாது. காதுக்கு 3 மி.மீ. பின்னால் நிறுத்திவிடணும். அந்த இடத்தை விழுங்கிவிட்டால் தலை கட்ட இடம் இருக்காது, காது அடைபடும், ஆற்றங்கரையில் லீடர் கோக்க முடியாமல் தவிப்பீர்கள்.

இப்போது ஃபோமை முன்னால் மடக்குங்கள், இழுக்காமல். இழுத்துக் கட்டிய ஃபோம் மெலிந்துபோகும், மிதக்கும் சக்தி குறையும். முதுகு லேசாக மேடாக நிற்கணும். தளர்வாக இரண்டு, இறுக்கி மூன்று, ஐந்தும் ஒரே இடத்தில். அதே இடத்தில் பக்கத்துக்கு ஒரு கால் இழை (வண்டின் காலாக நிற்கும் மெல்லிய ரப்பர்), நடுவில் கட்டினால் முன்னும் பின்னுமாகப் பிரியும். காதுக்கு மேலே 2 மி.மீ. தலை விட்டு ஃபோமை வெட்டி மூலைகளைச் சீவுங்கள். முடிச்சைப் போட்டு, அடியில் கட்டு தெரியும் இடத்தில் இன்னொரு பொட்டு பசை.

முடித்த ஃப்ளையை முன்பக்கமிருந்து பாருங்கள். வயிற்றுக்கும் முள்முனைக்கும் நடுவே முள் வாயின் பாதிக்கு மேல் வெளி இருக்கணும். வயிறு தடித்து இந்த வெளி அடைபட்டால் மீன் கொத்தும், முள் ஏறாது. பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் முழங்கால் உயரத்திலிருந்து போடுங்கள். எப்படிப் போட்டாலும் முள் கீழே, முதுகு மேலே வரணும். கவிழ்ந்து விழுந்தால் ஃபோம் அகலம் அதிகம்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

பட்டை வெட்டும் அளவுக்கே இத்தனை நாள் பதில் கிடைக்காமல் இருந்தது, நன்றி அண்ணே. கால் இழைக்கு ரப்பர் பேண்டை வெட்டிப் போடலாமா? முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைப்பது அவசியமா? டிப்பெட் (லீடர் முனையில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய துண்டு) எத்தனை எக்ஸ்?

மாயவரம் தூண்டில்:

ரப்பர் பேண்ட் வேண்டாம், நம் வெயிலில் காய்ந்து ஒடியும், வெட்டின அகலமும் சீராக வராது. தையல் கடையில் எலாஸ்டிக் நாடா ஒரு முழம் வாங்கிப் பின்னலைப் பிரியுங்கள். உள்ளே வரிசையாக மெல்லிய ரப்பர் இழை இருக்கும். வெள்ளையாக இருந்தால் பெர்மனென்ட் மார்க்கரால் கருப்படியுங்கள். ஒவ்வொரு கால் நுனியும் முள் வாயின் அகலத்துக்கு மேல் நீளாமல் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் வீசும்போது ஃப்ளை சுழன்று டிப்பெட்டை முறுக்கிவிடும்.

பொட்டு அவசியம், மீனுக்காக இல்லை, உங்களுக்காக. தாழ்ந்து மிதக்கும் கருப்பு வண்டு பத்தடிக்கு அப்பால் தெரியவே தெரியாது. 2 மி.மீ. அகலம், 3 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு ஃபோம், தலைக்கட்டில் சேர்த்துக் கட்டுங்கள். நிழலில் ஆரஞ்சு அல்லது மஞ்சள். வெயில் பட்டுத் தண்ணீர் வெள்ளியாகப் பளபளக்கும்போது எந்த நிறமும் கரையும், அங்கே பொட்டில்லாத கருப்புதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

குடமுருட்டி (திருவையாறு):

டிப்பெட்டுக்கு நான் சொல்கிறேன். முள் எண்ணை மூன்றால் வகுங்கள்: 12-க்கு 4எக்ஸ், 14, 16-க்கு 5எக்ஸ். 4எக்ஸ் என்பது 0.18 மி.மீ., 5எக்ஸ் 0.15. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று 12-ஆம் எண் ஃபோம் வண்டை 6எக்ஸில் கட்டாதீர்கள். ஃபோம் காற்றைப் பிடிக்கும், மெல்லிய டிப்பெட் அதைத் திருப்பிப் போடும் வலு இல்லாமல் சுருண்டு விழும்.

வண்டை மற்ற டிரை ஃப்ளை (மேலே மிதக்கும் ஃப்ளை) மாதிரி பூப்போலப் போடக்கூடாது. அது மரத்திலிருந்து தவறி விழும் பூச்சி. லேசாகப் 'பொத்'தென்று விழ வேண்டும். அந்தச் சத்தத்துக்கே மீன் திரும்பும். கரைக்கு ஒரு முழத்துக்குள், கிளை கவிந்த இடத்தில், பாறையின் ஓரத்து நிழலில் போடுங்கள். மீனின் தலைக்கு நேரே போட்டால் மிரளும். பக்கவாட்டில் ஓரடி தள்ளி, சற்றே பின்னால் விழட்டும். பிறகு ஓட்டத்தோடு விடுங்கள். நடு ஓட்டம் லைனை இழுத்தால் வண்டு கோடு கிழித்துக்கொண்டு போகும், எந்த டிரவுட்டும் அதைத் தொடாது. லைனை எடுத்து ஓட்டத்தின் மேல்பக்கமாக வளைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மெதுவான மடுவில் மட்டும், விழுந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு சிறு அசைவு கொடுக்கலாம், கால் நடுங்கும் அளவுக்கு.

கொத்தினதும் சுண்டாதீர்கள். பிரவுன் டிரவுட் மேலே வந்து வாயைத் திறந்து மூடித் தலையைக் கீழே திருப்பும். தலை இறங்கிய பிறகு ராடைத் தூக்கினால் போதும். நம் ஆற்றில் கெண்டைக்குத் தக்கை ஆடினதும் சுண்டிப் பழகிய கை, அங்கே வாயிலிருந்தே ஃப்ளையைப் பிடுங்கிவிடும்.

போவதற்கு முன் இங்கேயே பழகுங்கள். ஜூன் 12 ஒட்டி மேட்டூர் திறந்தால் ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும், அதில் மேல்பரப்பு ஃப்ளை வீணாகும். தெளிந்த குளத்துக்குப் போங்கள், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. புங்கன் கவிந்த கரையில் 16-ஆம் எண் வண்டைப் போட்டால் கெண்டை வரும், ஜிலேபி வரும், பனையேறியும் வரும். கெண்டைக்கு வாய் சின்னது, காலைத்தான் கடித்து இழுக்கும். பழகும் ஃப்ளையில் கால் இழையைக் கட்டாமலே விடுங்கள். குளத்தில் ஓட்டம் இல்லாததால் லைனை வளைத்துப் போடும் பழக்கம் வராது. அதற்கு மதகுக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, வேகமும் மந்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வாய்க்கால்தான் சரி.

ஒன்றை மறக்காதீர்கள். நம் வாய்க்கால் கரையெல்லாம் பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது. கிராஃபைட் ராடு மின்சாரம் கடத்தும். வீசுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள், பின்வீச்சு போகும் பக்கமும் திரும்பிப் பாருங்கள். கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

குடமுருட்டி சொன்னது மடுவுக்குச் சரி. பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் இடத்தில் காத்திருந்தால் மீன் போய்விடும். அங்கே ரெயின்போ ஓட்டத்தோடு வந்து கடித்து அதே வேகத்தில் துப்பும். ஃபோம் வாயில் பஞ்சு போல அமுங்கும், அது பூச்சியில்லை என்று சட்டென்று தெரிந்துவிடும். வேகத் தண்ணீரில் கண்டவுடன் ராடைத் தூக்குங்கள், மந்தத் தண்ணீரில் பொறுங்கள்.

அமிழும் வண்டைத் தனியாகப் போடத் தேவையில்லை. 12-ஆம் எண் ஃபோம் வண்டின் முள் வளைவில் 5எக்ஸ் டிப்பெட் 50 செ.மீ. கட்டி, அதன் முனையில் அமிழும் வண்டைக் கட்டுங்கள். மேலே இருப்பது நின்றாலோ ஒதுங்கினாலோ கீழே கொத்து. 50-ஐத் தாண்டி 80, 90 என்று விட்டால் வீசும்போது இரண்டும் பின்னிக்கொள்ளும். கிளை அடர்ந்த இடத்தில் இந்த ஜோடியை அவிழ்த்துவிட்டு ஒற்றை ஃப்ளையில் போடுங்கள்.

முனையில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். வண்டை டிரவுட் ஆழமாக விழுங்கினாலும், அமுக்கிய முள் என்றால் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடலாம். மீன்வளத் துறை அனுமதிச் சீட்டைப் போனதும் வாங்கிவிடுங்கள். அங்கே நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட்டுக்கு மூடிய காலம், முட்டையிடும் பருவம். பயணம் தள்ளிப்போனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

5 மி.மீ. பட்டை, தளர்வான முதல் சுற்று, அடியில் பசை. கட்டிப் பார்த்தேன், விரலால் முறுக்கியும் திரும்பவில்லை. ஆனால் பக்கெட்டில் பின்பக்கம் அமிழ்ந்து தலை தூக்கி நிற்கிறது. கடைசியாக இன்னொன்று: கட்டி வைத்ததைச் செப்டம்பர் வரை எப்படிப் பாதுகாப்பது?

மாயவரம் தூண்டில்:

பின்பக்கக் கட்டு முள்முனையைத் தாண்டி வளைவுக்குள் இறங்கியிருக்கும். அங்கே கட்டினால் ஃபோம் பின்னால் இறுகி நசுங்கும், மயிலிறகும் வளைவுவரை போய்த் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். கட்டை முள்முனைக்கு நேர் மேலே நிறுத்துங்கள், பின்னால் ஃபோம் குண்டாக நிற்கும், சமமாக மிதக்கும். அப்படியும் அமிழ்ந்தால் மூன்று இழையை இரண்டாக்குங்கள். வயிற்றில் மிதப்புப் பசை தடவி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், வயிறு நனைந்தால்தான் வண்டு.

பாதுகாக்க: மயிலிறகையும் சேவல் இறகையும் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுங்கள், பூச்சி முட்டை செத்துவிடும். பக்கெட்டில் சோதித்த ஃப்ளையை ஈரத்தோடு பெட்டியில் மூடினால் ஒரே வாரத்தில் முள் துருவேறும், துரு மயிலிறகிலும் இறங்கும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மூடுங்கள். ஃபோம் வண்டை ஆழமான அறையுள்ள பெட்டியில் போடுங்கள். தட்டைப் பெட்டியில் மூடி அமுக்கினால் முதுகு மேடு படிந்துபோகும், கால் இழையும் மடிந்தபடியே நின்றுவிடும்.